கொசுவை விரட்டும் களிம்பு

லிட்டில் அந்தமான் தீவில் ஓங்கே மக்கள் வாழ்கிறார்கள். தேன் எடுக்கும்போது ஒரு காட்டுச் செடியை மென்று, அந்தச் சாற்றை உடம்பில் பூசிக்கொள்வது அவர்கள் வழக்கம். தேனீ சாகாது. கொட்டாமல் விலகிப் போகும்.

கடையில் விற்கும் கொசு விரட்டிக் களிம்பும் இப்படித்தான். அது கொசுவைக் கொல்லாது. நம் மூச்சையும் வியர்வை வாடையையும் வைத்துத்தான் கொசு நம்மைத் தேடி வருகிறது. களிம்பு அதைக் குழப்பிவிடும். பூசிய இடத்துக்கு மட்டுமே காவல். கையில் பூசிவிட்டுக் காலை விட்டால், காலில் கடிக்கும்.

எப்போது பூசுவது? நிக்கோபாரில் மலேரியா பரப்பும் கொசு உப்புத் தண்ணீர்க் குட்டைகளில் வளர்கிறது. 2004 சுனாமிக்குப் பின் அத்தகைய குட்டைகள் பெருகின. அந்தக் கொசு இரவில் கடிக்கும். டெங்குக் கொசு சிரட்டையிலும் பழைய டயரிலும் தேங்கிய நீரில் வளரும். அது பகலில் கடிக்கும். ஆகவே தூங்கும்போது கொசுவலை, விழித்திருக்கும்போது களிம்பு.

வாங்கும் முன் டப்பாவில் உள்ளதைப் படியுங்கள். எழுத்து பொடியாகத்தான் இருக்கும். பொறுமையாகப் படியுங்கள். எந்த வயதுக் குழந்தைக்குப் பூசலாம்? எத்தனை மணி நேரம் காக்கும்? காலாவதி தேதி என்ன? 'டீட்' என்ற மருந்து கலந்திருந்தால், 2 மாதம் ஆகாத குழந்தைக்குப் பூசவே கூடாது. அந்தக் குழந்தைக்குக் கொசுவலைதான்.

டப்பாவைப் பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள். தாயோ தகப்பனோ தம் கையில் எடுத்துத் தடவ வேண்டும். பிள்ளையின் விரல்களில் வேண்டாம். விரல் வாய்க்குப் போகும். கண், வாய், புண் பக்கமும் வேண்டாம். மெல்லிசாகப் பூசினால் போதும். படுக்கும் முன் சோப்புப் போட்டுக் கழுவிவிடுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் காய்ச்சல் வந்தால்? அன்றே சுகாதார நிலையத்துக்குப் போய் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.