நாவின் அடியில் ஒரு மாத்திரை

மருந்துக் குப்பியின் மூடி எப்படி இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்லுமா? அமெரிக்க ஐக்கிய நாட்டில் சொல்கிறது. மாத்திரைகளை மிட்டாய் என்று எண்ணிக் குழந்தைகள் விழுங்கிவிடாமல் தடுப்பதற்காக, 1970-இல் அங்கே ஒரு சட்டம் இயற்றப்பட்டது. அதன்படி, மருத்துவர் சீட்டின் பேரில் வாங்கி உட்கொள்ளும் மருந்துகளின் குப்பிக்கு, சிறு குழந்தை எளிதில் திறக்க முடியாத மூடி இருக்க வேண்டும். அழுத்திக்கொண்டே திருகினால்தான் திறக்கும் மூடி அத்தகையது.

ஆனால் இவ்விதிக்கு ஒரு விலக்கு உண்டு. நாவின் அடியில் வைக்கும் நைட்ரோகிளிசரின் மாத்திரைக்கு அம்மூடி கட்டாயமில்லை. அதே நைட்ரோகிளிசரினை விழுங்கும் வடிவில் விற்றால் விலக்குக் கிடையாது! ஏன் இந்த வேறுபாடு?

வெடிமருந்தே மருந்து

நைட்ரோகிளிசரினை 1847-இல் முதன்முதலில் தயாரித்தவர் இத்தாலிய வேதியியலார் சோப்ரேரோ. ஆல்பிரட் நோபலின் டைனமைட்டில் இருந்ததும் இதுவே. 1879-இல் வில்லியம் மரல் என்ற லண்டன் மருத்துவர், இது நெஞ்சுவலியைத் தணிப்பதை எடுத்துக்காட்டினார். மாத்திரையில் இருப்பது 0.3 முதல் 0.6 மில்லிகிராம் வரையே. ஆகையால் அது வெடித்துவிடுமோ என்று அஞ்ச வேண்டாம்.

இதயத் தசைக்கு வேண்டிய அளவு ஆக்சிஜன் கிடைக்காதபோது நெஞ்சை இறுக்கும் வலி உண்டாகிறது. நைட்ரோகிளிசரின் உடலில் நைட்ரிக் ஆக்சைடைத் தோற்றுவிக்கிறது. இது இரத்தக் குழாய்களைத் தளர்த்துவதால் இதயத்தின் வேலைப்பளு குறைகிறது. மருந்தை விழுங்கினால் கல்லீரல் அதன் பெரும்பகுதியைச் சிதைத்துவிடும். நாவின் அடியில் கரைந்தாலோ நேரே இரத்தத்தில் கலந்து, சில நிமிடங்களுக்குள் வேலை செய்யும்.

அந்தச் சில நிமிடங்களில், வலியால் கைநடுங்கும் முதியவர் ஒருவர் மூடியோடு மல்லாடிக்கொண்டிருந்தால் என்னவாகும்? சட்டம் பொருளின் பெயரை மட்டும் பார்க்கவில்லை. அது எந்த வேளையில், யார் கைக்கு எட்ட வேண்டும் என்பதையும் பார்த்தது.

குப்பிக்குள் இயற்பியல்

இந்த மாத்திரைக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. நைட்ரோகிளிசரின் மெல்ல மெல்ல ஆவியாகும் பொருள். இறுக மூடிய சிறு கண்ணாடிக் குப்பியில் ஆவி சிறிது நிரம்பியதும் தெவிட்டிய நிலையை அடையும். அப்போது ஆவியாகும் அளவும் திரும்பப் படியும் அளவும் சமமாகிவிடுவதால், இழப்பு நின்றுவிடும். பிளாஸ்டிக் டப்பாவில் இது நடவாது. பிளாஸ்டிக் ஆவியை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். பஞ்சும் அப்படியே. சட்டைப்பையில் வைத்தால் உடல் வெப்பம் ஆவியாதலை விரைவுபடுத்தும்.

பார்ப்பதற்கு மாத்திரை மாறாமலே இருக்கும். உள்ளே மருந்து குறைந்திருக்கும். வலி வந்த வேளையில்தான் அது தெரியவரும். எனவேதான் 1972-இல் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம், இம்மாத்திரைகளைக் கண்ணாடிக் குப்பியில், இறுகப் பொருந்தும் திருகுமூடியுடன்தான் தர வேண்டும் என்று விதித்தது. வேறு குப்பிக்கு மாற்றாதீர்கள், எடுத்தவுடன் மூடுங்கள் என்ற எச்சரிக்கையும் ஒட்டப்பட்டது.

இதை நீங்களே ஒருவாறு உணரலாம். ஒரே அளவான இரண்டு அந்துருண்டைகளில் ஒன்றை இறுக மூடிய கண்ணாடிப் புட்டியிலும், மற்றொன்றைக் குழந்தைகளுக்கு எட்டாத உயரத்தில் திறந்த தட்டிலும் வையுங்கள். சில வாரங்கள் கழித்து ஒப்பிட்டுப் பாருங்கள்.

உங்கள் வீட்டில்

நம் நாட்டு இதய நோயாளிகள் பலர் ஐசோசார்பைடு டைநைட்ரேட்டு மாத்திரை வைத்திருப்பர். இதுவும் அதே குடும்பத்தைச் சேர்ந்ததே. உங்கள் தாத்தா பாட்டியிடம் அது இருந்தால், அதன் காலாவதி நாளைப் பாருங்கள். அவர்கள் கைக்கு எட்டும்படியும், வீட்டுக் குழந்தைகளுக்கு எட்டாதபடியும் ஓரிடம் தேர்ந்து, அந்த இடத்தை வீட்டார் அனைவருக்கும் தெரிவியுங்கள். இரத்த அழுத்தம் குறைந்து தலைசுற்றலாம். ஆகவே உட்கார்ந்துதான் மாத்திரையை வைத்துக்கொள்ள வேண்டும். மருத்துவர் யாருக்கு எழுதினாரோ அவரைத் தவிர வேறு எவருக்கும் அதைத் தரக்கூடாது. ஒரு மாத்திரை வைத்து 5 நிமிடமாகியும் வலி தணியவில்லையானால், காத்திராமல் 108-ஐ அழையுங்கள்.