சாவியைத் திருப்பினால் வண்டி கிளம்பவில்லையா?

அந்தமான் தீவு. இரவு இரண்டு மணி. நல்ல மழை. ஃபெரார்கஞ்ச் பக்கம் ஒரு வீடு. அந்த வீட்டு மகளுக்குப் பிரசவ வலி வந்துவிட்டது. ஜி.பி. பந்த் மருத்துவமனைக்குப் போக வேண்டும். வாசலில் ஒரு பழைய மாருதி 800 நிற்கிறது. அப்பா சாவியைத் திருப்புகிறார். "டக்" என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். வண்டி கிளம்பவில்லை.

"ஐயோ! இன்ஜின் போச்சே!" என்று அப்பா தலையில் கை வைக்கிறார்.

பக்கத்து வீட்டுத் தம்பி ஓடி வருகிறார். அவர் மெக்கானிக் இல்லை. டாக்சி ஓட்டுகிறவர்.

"பதறாதீங்க அண்ணே. முதல்ல ஹெட்லைட்டைப் போடுங்க."

விளக்கு நன்றாக எரிந்தது.

"இப்போ சாவியைத் திருப்புங்க."

"டக்" என்றது. விளக்கு பொசுக்கென்று அணைந்தது.

"இன்ஜினுக்கு ஒண்ணும் இல்ல அண்ணே. பேட்டரி முனையிலதான் கோளாறு."

பானெட்டைத் திறந்து பார்த்தார்கள். பேட்டரி முனையில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்துக் கிடந்தது. கழற்றிச் சுரண்டினார்கள். திரும்ப மாட்டி இறுக்கினார்கள். வண்டி கிளம்பியது. பத்து நிமிட வேலைதான்.

இப்படி ஓர் இரவு எந்த வீட்டுக்கும் வரலாம். அன்று கை கொடுப்பது பணம் அல்ல. பழுதைக் கண்டுபிடிக்கத் தெரிவதுதான்.

சின்ன கார், நீண்ட ஆயுள்

1983 டிசம்பர் 14. அன்று டெல்லியில் முதல் மாருதி 800 காரின் சாவியை அப்போதைய பிரதமர் இந்திரா காந்தி கொடுத்தார். அதன் இன்ஜினில் மூன்று சிலிண்டர்கள். அளவு 796 சி.சி. 2014 ஜனவரியில் இந்தக் காரைத் தயாரிப்பது நின்றது. ஆனாலும் பழைய வண்டிகள் இன்னும் ஓடுகின்றன.

தீவில் பழைய காருக்கு இரண்டு தொல்லைகள் உண்டு. ஒன்று, மழையும் உப்புக் காற்றும். இங்கே ஆண்டுக்குச் சுமார் 3000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. இரண்டு, தூரம். சென்னை 1,300 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது. கடையில் இல்லாத சாமான் பெரும்பாலும் கப்பலில்தான் வர வேண்டும். கப்பல் வந்து சேர இரண்டு மூன்று நாள் ஆகும். ஆகவே கெட்டுப் போகாத சாமானை மாற்றுவது பண நட்டம். நாளும் நட்டம்.

விளக்கு சொல்லும் சேதி

வண்டி கிளம்பாவிட்டால் ஹெட்லைட்டைப் போட்டுச் சோதியுங்கள்.

விளக்கு முதலிலேயே மங்கலாக எரிகிறதா? பேட்டரியில் சார்ஜ் இல்லை.

நன்றாக எரிந்து, சாவியைத் திருப்பியதும் அணைகிறதா? பேட்டரி முனை தளர்ந்திருக்கும். அல்லது பூத்திருக்கும். பேட்டரியிலிருந்து வண்டியின் உடம்புக்குப் போகும் எர்த் வயரும் துருப்பிடித்திருக்கலாம்.

சாவியைத் திருப்பினாலும் விளக்கு குறையாமல் எரிகிறதா? ஸ்டார்ட்டர் மோட்டாரில் கோளாறு இருக்கலாம். மெக்கானிக்கிடம் போங்கள்.

பேட்டரி முனையைச் சுத்தம் செய்வது எளிது. சாவியை எடுத்துவிடுங்கள். முதலில் மைனஸ் முனையைக் கழற்றுங்கள். பிறகு பிளஸ் முனை. வெந்நீர் ஊற்றித் தேய்த்து, துடைத்துக் காய விடுங்கள். மாட்டும்போது முதலில் பிளஸ், கடைசியில் மைனஸ். மேலே கொஞ்சம் வாசலின் தடவுங்கள். உப்புக் காற்று அண்டாது.

கவனம்! பேட்டரிக்குள் ஆசிட் இருக்கிறது. கையிலும் கண்ணிலும் படக்கூடாது. பேட்டரியிலிருந்து எரியும் வாயுவும் வரும். பக்கத்தில் பீடி, தீக்குச்சி வேண்டாம்.

இன்ஜின் சுற்றுகிறது, ஆனால் பிடிக்கவில்லை

அடுப்பு எரிய என்ன வேண்டும்? விறகு, காற்று, நெருப்பு. மூன்றில் ஒன்று குறைந்தாலும் எரியாது. இன்ஜினும் அப்படித்தான். அதற்கு விறகு பெட்ரோல். நெருப்பு, பிளக்கில் வரும் பொறி.

முதலில் டாங்கியில் பெட்ரோல் இருக்கிறதா என்று பாருங்கள். பழைய வண்டியில் முள் பொய் சொல்லும். முள்ளை மட்டும் நம்ப வேண்டாம்.

பெட்ரோல் வாசனை பலமாக அடிக்கிறதா? கார்புரேட்டர் வண்டியில் சோக்கை அதிகமாக இழுத்தால் பெட்ரோல் கூடிவிடும். பிளக் நனைந்துவிடும். சோக்கை உள்ளே தள்ளுங்கள். பத்து நிமிடம் பொறுங்கள். பிறகு ஆக்சிலேட்டரை முழுவதும் மிதித்தபடி ஸ்டார்ட் செய்யுங்கள். ஒரு தடவைக்குப் பத்து விநாடிக்கு மேல் சுற்ற விடாதீர்கள். பேட்டரி தீர்ந்துபோகும்.

மழை நாளில் பிளக் வயரிலும் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியிலும் ஈரம் ஏறும். பொறி வேறு வழியில் போய்விடும். சாவியை எடுத்துவிட்டு உலர்ந்த துணியால் துடையுங்கள். பல வண்டிகள் இதிலேயே கிளம்பிவிடும். இன்ஜின் ஓடும்போது பிளக் வயரைத் தொடாதீர்கள். அதில் ஆயிரக்கணக்கான வோல்ட் மின்சாரம் போகிறது.

பிளக்கைக் கழற்றினால் அதன் நிறத்தைப் பாருங்கள். இளம் பழுப்பு என்றால் நல்லது. கரி படிந்து கறுப்பாக இருந்தால் பெட்ரோல் கூடுதலாகப் போகிறது. அல்லது காற்று பில்டர் தூசியால் அடைத்திருக்கிறது.

சூடு ஏறினால்

சூட்டு முள் மேலே ஏறுகிறதா? உடனே ஓரமாக நிறுத்துங்கள். இன்ஜினை அணையுங்கள். ரேடியேட்டர் மூடியை உடனே திறக்காதீர்கள்! உள்ளே கொதிநீர் அழுத்தத்தோடு இருக்கிறது. திறந்தால் முகத்தில் அடிக்கும். அரை மணி நேரமாவது ஆற விடுங்கள். பிறகு கனமான துணியைப் போட்டு மெதுவாகத் திறங்கள்.

தண்ணீர் குறைந்திருந்தால் குழாயில் கசிவு இருக்கிறதா என்று பாருங்கள். தண்ணீர் சரியாக இருந்தால் மின்விசிறியைக் கவனியுங்கள். மாருதி 800 வண்டியில் ரேடியேட்டர் விசிறி மின்சாரத்தில் ஓடுகிறது. பியூஸ் போனாலோ வயர் துருப்பிடித்தாலோ விசிறி சுற்றாது. பியூஸின் விலை சில ரூபாய்தான். அதைக் கவனிக்காமல் ஓட்டினால் இன்ஜினே பழுதாகும். அவசரத்துக்குக்கூடக் கடல் தண்ணீரை ஊற்றக் கூடாது.

பிரேக்கும் துருவும்

பிரேக்கை மிதித்தால் பஞ்சு போல அமுங்குகிறதா? கால் கீழே வரை போகிறதா? வண்டியை எடுக்காதீர்கள். பிரேக் ஆயில் கசிந்திருக்கும். அல்லது காற்று புகுந்திருக்கும். பிரேக் ஆயில் ஈரத்தை இழுக்கும். இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை மாற்றுவது நல்லது. பிரேக் வேலையை மெக்கானிக்கிடமே விடுங்கள். இதில் கைவைத்தியம் கூடாது.

கடற்கரைப் பக்கம் போய் வந்தால் வண்டியின் அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரால் கழுவுங்கள். கால் மிதியடியைத் தூக்கிப் பாருங்கள். துரு முதலில் அங்கேதான் ஒளிந்திருக்கும். சொந்த காருக்குப் பதிவு 15 ஆண்டுகள். அதற்குப் பிறகு வண்டியைச் சோதித்துத்தான் பதிவைப் புதுப்பிப்பார்கள். தகடு ஓட்டையான வண்டி தேறுவது கடினம்.

நடு வழியில் நிற்க முடியாத சாலை

போர்ட் பிளேர் நகருக்கு 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜய புரம் என்று பெயர் மாற்றினார்கள். அங்கிருந்து அந்தமான் பெருஞ்சாலை வடக்கே போகிறது. ஜிர்காடாங் சாவடியைத் தாண்டினால் ஜாரவா பழங்குடி மக்களின் காப்பகம். அங்கே வாகனங்கள் குறித்த நேரத்தில், காவல் துணையோடு, வரிசையாகத்தான் போக வேண்டும். வழியில் நிற்கக் கூடாது. படம் எடுக்கக் கூடாது. அது அந்த மக்களின் வீடு.

அந்த வழியில் வண்டி நின்றால் எல்லோருக்கும் தொல்லை. ஆகவே முதல் நாளே ஆறு சோதனைகளைச் செய்துவிடுங்கள். ரேடியேட்டர் தண்ணீர், இன்ஜின் ஆயில், பிரேக், டயர் காற்று, பேட்டரி முனை, விளக்கு. கால் மணி நேரம் போதும். கூடவே இரண்டு பியூஸ், ஒரு பிளக், உலர்ந்த துணி, டார்ச் லைட், ஸ்பேனர் வைத்துக்கொள்ளுங்கள்.

பழுது பேசாது. ஆனால் அடையாளம் காட்டும். விளக்கு, சத்தம், வாசனை, நிறம் எல்லாம் அதன் மொழி. அதைப் படிக்கத் தெரிந்தவருக்குப் பயம் இல்லை.

விடை சொல்லுங்கள்

1. ஹெட்லைட் எரிந்து, சாவியைத் திருப்பியதும் அணைந்தால் எதைப் பார்க்க வேண்டும்?
2. பேட்டரியில் முதலில் கழற்ற வேண்டியது எந்த முனை?
3. சூடான ரேடியேட்டர் மூடியை ஏன் திறக்கக் கூடாது?
4. எந்த வேலையை மெக்கானிக்கிடமே விட வேண்டும்?