கேட்கும் செவியே காக்கும் துணை

"வாழப் பிடிக்கவில்லை" என்று ஒருவர் வாய்விட்டுச் சொன்னால், நம்மவர் அவர் வாயை அடக்கவே முனைவர். "விசர்க்கதை பேசாதே" என்று அதட்டுவோரும், "உனக்கென்ன குறை?" என்று கடிந்துகொள்வோரும் உளர். அன்பினாலே சொல்வதாயினும், அது அவரை மேலும் தனிமையில் தள்ளிவிடும்.

பரீட்சையில் தவறிய மாணவராயினும், கடன்பட்ட குடும்பத் தலைவராயினும், அவர் வேண்டுவது பெரும்பாலும் சாவையன்று, வேதனையின் முடிவையே. அவ்வேதனையின் உச்சமோ வெள்ளம்போல் ஏறி வடிவது. வடியும்வரை துணைநிற்பதே நம் கடமை. "உயிரை மாய்த்துக்கொள்ள எண்ணுகிறாயா?" என்று நேரே கேட்கலாம். கேட்பதனால் அவ்வெண்ணம் புதிதாய் முளைத்துவிடாது. மறைத்துவைத்த சுமையை இறக்க வழி பிறக்கும். குறை கூறாது கேளுங்கள், தனியே விடாதீர்கள், ஆபத்தான பொருள்களை அவர் கைக்கு எட்டாமல் அகற்றுங்கள், வைத்தியரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

சட்டத்துக்கு அஞ்சி மறைக்க வேண்டியதில்லை. தற்கொலை முயற்சியைக் குற்றமாகக் கொண்ட சட்டப்பிரிவு இலங்கையில் 1998ஆம் ஆண்டிலேயே நீக்கப்பட்டது. லண்டனில் 1953ஆம் ஆண்டு சாட் வாரா என்னும் பாதிரியார் தொடங்கிய சமாரிட்டன்ஸ் இயக்கத்தைப் போன்று, நம் நாட்டில் 1974ஆம் ஆண்டு தோன்றிய சுமித்ரயோவின் தொண்டர்கள் துயருற்றோருக்குச் செவிகொடுத்து வருகின்றனர். தேசிய மனநல நிறுவனத்தின் உதவியை 1926 என்னும் தொலைபேசி இலக்கத்தில் பெறலாம்.

இதனை வாசிக்கும் தாங்களே அத்துயரில் இருப்பின், நாம் வேண்டுவது ஒன்றே: விடியும்வரை காத்திராது, இப்பொழுதே ஒருவரிடம் சொல்லுங்கள்.