லேப்டாப் செட்டிங்ஸுக்குப் பூட்டு: சாவி யாரிடம் இருக்கணும்?

சத்தியவேடு பக்கத்தில் ஸ்ரீசிட்டியில் வேலை பார்க்கிறீர்களா? ஆபீஸ் லேப்டாப்பில் ஒரு சாஃப்ட்வேர் போடப் போனால் அட்மின் பாஸ்வேர்ட் கேட்டு நிற்கும். எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனால் வீட்டு லேப்டாப்பை யோசிச்சுப் பாருங்க. நீங்கள் வரி கட்டுவது, தம்பி கேம் இறக்குவது, அப்பா பேங்க் கணக்குப் பார்ப்பது எல்லாமே ஒரே அக்கவுண்ட்டில். அதுவும் பெரும்பாலும் அட்மின் அக்கவுண்ட்.

அதில் என்ன ஆபத்து?

விண்டோஸில் முதலில் உருவாக்கும் அக்கவுண்ட்டுக்கு முழு அதிகாரம் இருக்கும். அதில் தெரியாமல் ‘யெஸ்’ அழுத்திவிட்டால், வந்த புரோகிராமுக்கும் அதே அதிகாரம் போய்விடும். ஆன்டிவைரஸை நிறுத்தலாம், ஃபயர்வாலைத் திறந்துவிடலாம். ‘ஸ்டாண்டர்ட்’ அக்கவுண்ட்டில் இதற்கெல்லாம் அட்மின் பாஸ்வேர்ட் வேண்டும். வால்பேப்பர் மாற்றுவது, வைஃபை இணைப்பது போன்ற அன்றாட வேலைகள் வழக்கம்போல நடக்கும்.

எப்படிப் பூட்டுவது?

செட்டிங்ஸில் அக்கவுண்ட்ஸ், அதற்குள் ‘அதர் யூசர்ஸ்’ போங்க. புதிதாக ஓர் அக்கவுண்ட் உருவாக்கி, அதை அட்மினாக மாற்றி, நல்ல பாஸ்வேர்ட் வையுங்க. அதில் ஒருமுறை லாக்-இன் செய்து சரிபார்த்த பிறகு, தினமும் பயன்படுத்தும் அக்கவுண்ட்டை ‘ஸ்டாண்டர்ட் யூசர்’ ஆக்குங்க. பத்து நிமிஷ வேலை.

செட்டிங்ஸ் பக்கமே திறக்கக் கூடாது என்றால், விண்டோஸ் புரோவில் உள்ள குரூப் பாலிசி எடிட்டரில் அதற்கென ஒரு விதி இருக்கிறது. ஹோம் பதிப்பில் இந்த எடிட்டர் கிடையாது. ஒரு எச்சரிக்கை: இந்த விதியை அப்படியே போட்டால் அட்மினான உங்களுக்கும் சேர்த்தே கதவு மூடிக்கொள்ளும். வீட்டு லேப்டாப்புக்கு இது தேவையில்லை, அக்கவுண்ட்டைப் பிரித்தாலே போதும்.

பூட்டினால் எல்லாம் சரியாகிவிடுமா?

இல்லை. 2017 மே 12 அன்று ‘வான்னாக்ரை’ ரான்சம்வேர் உலகம் முழுக்கப் பரவியது. ஃபைல்களைப் பூட்டிவிட்டு, திறக்கப் பிட்காயினில் பணம் கேட்டது. ஆந்திராவில், அப்போது சத்தியவேடும் சேர்ந்திருந்த சித்தூர் உள்ளிட்ட மாவட்டங்களில் காவல்துறைக் கணினிகள் சிக்கின. திருமலை திருப்பதி தேவஸ்தானத்தின் சில கணினிகளும் தப்பவில்லை.

அந்த வைரஸ் யாரிடமும் ‘யெஸ்’ கேட்கவில்லை. நெட்வொர்க் வழியாக ஃபைல் பகிரும் வசதியில் இருந்த ஓட்டையில் தானாக நுழைந்தது. அங்கே ஸ்டாண்டர்ட் அக்கவுண்ட் இருந்திருந்தாலும் நுழைவைத் தடுத்திருக்காது. தடுத்திருக்கக்கூடியது அப்டேட். அந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் மார்ச் 14-ம் தேதியே வெளியிட்டிருந்தது. கிட்டத்தட்ட இரண்டு மாத அவகாசம் இருந்தும், பல இடங்களில் அதை யாரும் போடவில்லை.

அப்போ நீங்கள் செய்ய வேண்டியது?

வீட்டில் அட்மின் பாஸ்வேர்டை நீங்கள் வைத்துக்கொண்டால், பொறுப்பும் உங்களுக்குத்தான். அப்பாவால் மாற்ற முடியாததை நீங்கள்தான் பார்த்துக்கொள்ளணும்.

● மாதம் ஒருமுறை அட்மினில் நுழைந்து, அப்டேட் எல்லாம் ஏறியிருக்கிறதா பாருங்க. விண்டோஸ் 10-க்கான வழக்கமான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. இன்னும் அதில் இருந்தால், 11-க்கு மாற முடியுமா என்று முதலில் பாருங்க.

● முக்கிய ஃபைல்களை வெளி ஹார்ட் டிஸ்க்கில் காப்பி எடுத்து, டிஸ்க்கைக் கழற்றி வையுங்க. ஸ்டாண்டர்ட் அக்கவுண்ட்டில் வந்த ரான்சம்வேரும் அந்த அக்கவுண்ட்டின் போட்டோக்களைப் பூட்டிவிடும்.

● அட்மின் பாஸ்வேர்டை ஒரு பேப்பரில் எழுதி, வீட்டுப் பத்திரங்களோடு வையுங்க. மறந்துவிட்டால் வெளியே நிற்கப்போவது நீங்கள்தான்.

● போனில் யாராவது ‘பேங்க்கிலிருந்து பேசுறோம், பாஸ்வேர்ட் போடுங்க’ என்றால், யாராக இருந்தாலும் உடனே கட் பண்ணச் சொல்லி வீட்டில் எல்லாரிடமும் சொல்லி வையுங்க. அந்தப் பாஸ்வேர்ட் அப்பாவுக்குத் தெரியாமல் இருப்பதே அங்கே ஒரு பாதுகாப்பு.