சாலையும் அமைதி காக்கும்!



நெடுஞ்சாலைக்கு அருகே குடியிருப்போர் ஓர் ஓசையை நன்கு அறிவார்கள். பகல் முழுவதும் அது மற்ற சத்தங்களுக்குள் மறைந்து கிடக்கும். சுபுஹு வேளையில் எழுந்து, ஒளூச் செய்வதற்காக முற்றத்திற்கு வரும்போதுதான் அது தனித்துக் கேட்கும். ஹாரன் ஒலி இல்லை. எஞ்சினின் உறுமலும் இல்லை. ஆயினும் தொலைவிலிருந்து 'உஸ்' என்று நீண்டதோர் இரைச்சல் ஓயாமல் வந்துகொண்டே இருக்கும்.

அது எதனால் எழும் ஓசை என்று நீங்கள் எண்ணிப் பார்த்ததுண்டா?

வாகனத்தின் எஞ்சினால் என்றே நம்மில் பலரும் விடை கூறுவோம். அது முழுமையான விடையன்று. கார் மெதுவாகச் செல்லும்போதுதான் எஞ்சினின் ஓசை மேலோங்கி நிற்கிறது. ஏறத்தாழ மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டிவிட்டால், டயரும் சாலையும் உரசுவதால் எழும் ஓசை எஞ்சினின் ஓசையை விஞ்சிவிடுகிறது. கனரக வாகனங்களில் இந்த எல்லை இன்னும் சற்று உயர்ந்த வேகத்தில் அமைகிறது. ஆகவே, எல்லா வாகனங்களும் மின்சாரத்தில் ஓடத் தொடங்கினாலும் நகரத் தெருக்கள் ஓரளவு அமைதி பெறுமேயன்றி, விரைவுச்சாலையின் இரைச்சல் பெரிதாகக் குறைந்துவிடாது. அது சக்கரத்தின் கீழே பிறக்கும் சத்தம். அதைக் குறைக்க வேண்டுமாயின் சாலையைத்தான் திருத்த வேண்டும்.

சத்தம் பிறக்கும் விதம்

டயரில் வரிவரியாக வெட்டப்பட்ட ரப்பர்க் கட்டிகளைப் பார்த்திருப்பீர்கள். சக்கரம் சுழலும்போது அவை ஒவ்வொன்றும் சாலையின் மீது வந்து அறைகின்றன. நூற்றுக்கணக்கான சிறு சுத்தியல்கள் இடைவிடாமல் தட்டுவதைப் போன்றது அது. இது முதற் காரணம்.

அந்த வரிப்பள்ளங்களுக்குள் இருக்கும் காற்று, டயர் சாலையைத் தொடும் கணத்தில் நசுங்கி வெளியே பீறிடுகிறது; டயர் விலகும் கணத்தில் மீண்டும் உள்ளே இழுக்கப்படுகிறது. இது இரண்டாவது காரணம். மூன்றாவதாக, வட்டமான டயருக்கும் தட்டையான சாலைக்கும் இடையில் விரிந்துசெல்லும் இடைவெளி, பழைய கிராமபோன் குழலைப் போல் அந்தச் சத்தத்தைப் பெருக்கி வெளியே அனுப்புகிறது.

சாலையின் மேற்பரப்பு இம்மூன்றையும் மாற்றவல்லது. பெரிய ஜல்லிகள் துருத்திக்கொண்டிருந்தால் டயர் அதிரும். சிறிய ஜல்லிகள் சமமாகப் படிந்திருந்தால் அதிர்வு குறையும். மேற்பரப்பு துளைகள் நிறைந்ததாக இருந்தால், நசுங்கும் காற்று அத்துளைகளுக்குள் இறங்கிவிடும். எழும் ஒலியில் ஒரு பகுதியையும் அத்துளைகளே விழுங்கிவிடும்.

சத்தத்தை டெசிபல் என்னும் அலகால் அளக்கிறார்கள். இதன் கணக்கு நாம் அன்றாடம் கூட்டிக் கழிக்கும் கணக்கைப் போன்றதன்று. ஒரு சாலையில் ஓடும் வாகனங்களின் எண்ணிக்கையைப் பாதியாகக் குறைத்தால் 3 டெசிபல்தான் குறையும். 10 டெசிபல் குறைந்தால் நம் செவிக்குச் சத்தம் பாதியாகிவிட்டதாகத் தோன்றும். எனவே, சாலையின் மேற்பரப்பை மாற்றுவதால் 3 அல்லது 4 டெசிபல் குறைகிறது என்று கேட்டால், இவ்வளவுதானா என்று எண்ணிவிடாதீர்கள். அது பாதி வாகனங்களைச் சாலையிலிருந்து அகற்றியதற்கு ஒப்பாகும்.

பீனிக்ஸ் நகரின் அனுபவம்

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத் தலைநகரம் பீனிக்ஸ். பாலைவனத்தின் நடுவே பரந்து விரிந்த இந்நகரில் விரைவுச்சாலைகள் பெரும்பாலும் கான்கிரீட்டால் அமைக்கப்பட்டவை. மழையில் வாகனங்கள் சறுக்காதிருக்க, கான்கிரீட் இறுகுமுன் அதன்மீது குறுக்குவாட்டில் கோடுகள் கீறப்பட்டன. சறுக்கலைத் தடுப்பதற்காகக் கீறிய அக்கோடுகளே, வாகனங்கள் விரையும்போது காதைத் துளைக்கும் ஊளை ஓசையை எழுப்பின.

அதே நகரில் 1960களில் சார்லஸ் மெக்டொனால்ட் என்னும் மாநகராட்சிப் பொறியாளர் வேறொரு சிக்கலுக்குத் தீர்வு தேடிக்கொண்டிருந்தார். வெடித்துப்போன தார்ச்சாலைகளுக்கு ஒட்டுப்போட வேண்டும். ஒட்டும் வெடிக்காமல் நீடிக்க வேண்டும். அவர் பழைய டயர்களை அரைத்துப் பெற்ற ரப்பர்த் தூளைச் சூடான தாரில் கலந்து பார்த்தார். அக்கலவை நெகிழ்வுடன் இருந்தது, விரிசலைத் தாங்கியது. சத்தத்தைப் பற்றி அப்போது எவரும் நினைக்கவில்லை.

ஆண்டுகள் பல கடந்தன. கான்கிரீட் விரைவுச்சாலைகளின் மீதும் ரப்பர் கலந்த தாரை மெல்லிய போர்வையாக விரிக்கும் வழக்கம் வந்தது. 2000களின் தொடக்கத்தில், நகரின் கிழக்கே செல்லும் சூப்பர்ஸ்டிஷன் விரைவுச்சாலையில் அவ்வாறு விரித்தபோது, அருகில் குடியிருந்தோர் வியப்படைந்தனர். நேற்றுவரை வீட்டுக்குள் நுழைந்த இரைச்சல் இன்று அடங்கிவிட்டது! செய்தி பரவியது. 'எங்கள் பகுதிச் சாலைக்கும் இதைச் செய்யுங்கள்' என்று மற்றப் பகுதி மக்களும் கேட்கத் தொடங்கினர்.

மக்களின் குரலுக்குச் செவிசாய்த்த அரிசோனா அரசு, 2003ஆம் ஆண்டில் 'அமைதிச் சாலை முன்னோடித் திட்டம்' ஒன்றைத் தொடங்கியது. 3 கோடியே 40 இலட்சம் டாலர் செலவில், ஏறத்தாழ 115 மைல், அதாவது 185 கிலோமீட்டர் நீள விரைவுச்சாலைகளின் மீது ஓர் அங்குலத் தடிப்பில் ரப்பர் தார் விரிக்கப்பட்டது.

சுவரா? சாலையா?

இங்கே நாம் சற்று நின்று கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு.

அமெரிக்காவில் மத்திய அரசின் நிதியுதவியுடன் நெடுஞ்சாலையை அமைக்கும்போதோ அகலப்படுத்தும்போதோ, அருகிலுள்ள வீடுகளுக்கு இரைச்சல் அளவு மீறுமாயின் அதைக் குறைக்கும் வழிகளை ஆராய வேண்டும் என்பது விதி. பெரும்பாலும் அவ்வழி, சாலையோரத்தில் உயரமான தடுப்புச் சுவர் எழுப்புவதாகவே இருக்கும். நன்கு அமைந்த சுவர் 5 முதல் 10 டெசிபல் வரை சத்தத்தைக் குறைக்கும். ஆனால் சுவருக்குப் பின்னே தாழ்வாக உள்ள வீடுகளுக்கே அதன் பயன் முழுமையாகக் கிட்டும். மாடியில் வசிப்போருக்கும் மேட்டு நிலத்தில் வசிப்போருக்கும் சுவரைத் தாண்டிச் சத்தம் வந்துகொண்டுதான் இருக்கும். அமைதியான மேற்பரப்போ சத்தத்தைப் பிறக்கும் இடத்திலேயே குறைப்பதால், மாடிக்கும் மேட்டுக்கும் சேர்த்தே பயன் தருகிறது.

அப்படியானால், சுவருக்குப் பதிலாக அமைதிச் சாலையை ஏற்றுக்கொள்ளலாமே என்று கேட்கத் தோன்றுகிறதல்லவா? அமெரிக்க மத்திய நெடுஞ்சாலை நிர்வாகம் அதற்கு இணங்கவில்லை. சுவர் பல்லாண்டுகள் நிற்கும். சாலையின் மேற்பரப்போ தேய்ந்துவிடும். தேய்ந்த பிறகு அந்த வீடுகளுக்கு யார் பொறுப்பு? இதுவே அவர்களின் கேள்வி. அரிசோனாவின் முன்னோடித் திட்டத்திற்கு மட்டும் விதிவிலக்காக, புதிய மேற்பரப்பினால் 4 டெசிபல் குறைவதாகக் கணக்கிட அனுமதி தந்தார்கள். அதற்கு நிபந்தனைகளும் இருந்தன. ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து சத்தத்தை அளந்துவர வேண்டும். குறைந்த சத்தம் மீண்டும் ஏறுமாயின் அதைச் சரிசெய்யும் பொறுப்பை மாநிலமே ஏற்க வேண்டும்.

அளந்தார்கள். சக்கரத்தின் அருகிலேயே ஒலிவாங்கியைப் பொருத்திச் சாலையில் ஓட்டி அளந்தார்கள். குடியிருப்புகளிலும் கருவிகளை நிறுத்தி அளந்தார்கள். தொடக்கத்தில், கணக்கில் கொண்ட 4 டெசிபலைவிடவும் அதிகமாகவே பல இடங்களில் சத்தம் குறைந்திருந்தது. மக்கள் மகிழ்ந்ததில் வியப்பில்லை.

ஆனால் மத்திய நிர்வாகத்தின் ஐயமும் பொய்க்கவில்லை. ஆண்டுகள் செல்லச்செல்ல மேற்பரப்பு இறுகியது, வெடித்தது, கற்கள் பெயர்ந்தன. சத்தமும் சிறிது சிறிதாக ஏறியது. பத்துப் பதினைந்து ஆண்டுகளில் அந்தப் போர்வை முழுவதையும் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதாக விரிக்க வேண்டிய நிலை வந்தது. அதற்குப் பெரும்பணம் தேவை. அண்மை ஆண்டுகளில் சில பகுதிகளில் அரிசோனா அரசு வேறு வழியை நாடியிருக்கிறது. தேய்ந்த ரப்பர் தாரை அகற்றிவிட்டு, கீழேயுள்ள கான்கிரீட்டை வைரத்தூள் பதித்த வட்டத் தகடுகளால் இழைக்கிறார்கள். பழைய குறுக்குக் கோடுகள் மறைந்து, வாகனம் செல்லும் திசையிலேயே மெல்லிய நேர்கோடுகள் உண்டாகின்றன. புதிதாக விரித்த ரப்பர் தாரின் அளவுக்கு இது அமைதி தருவதில்லை. ஆயினும் பழைய ஊளை ஓசை இதில் இல்லை. நீண்ட காலம் உழைக்கவும் செய்கிறது.

நெதர்லாந்து கண்ட வழி

அட்லாண்டிக் பெருங்கடலுக்கு அப்பால், ஐரோப்பாவிலுள்ள நெதர்லாந்து சிறிய நாடு. மக்கள் நெருக்கம் மிகுந்தது. அங்கே நெடுஞ்சாலையும் குடியிருப்பும் ஒன்றையொன்று விலகி நிற்க இடமில்லை. அந்நாட்டினர் துளைகள் நிறைந்த தார்ச்சாலையைத் தேர்ந்தெடுத்தனர். நாம் சாதாரணமாகக் காணும் தார்ச்சாலை, ஜல்லியும் மணலும் இறுக நிரப்பப்பட்டது. இதிலோ மணலைக் குறைத்துவிடுவதால், மொத்தப் பருமனில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு வெற்றிடமாகவே இருக்கும். காற்றும் ஒலியும் அத்துளைகளில் அடங்குகின்றன. மழைநீரும் அவற்றின் வழியே இறங்கிவிடுவதால், முன்னே செல்லும் லாரி வாரியிறைக்கும் நீர்த்திவலை ஓட்டுநரின் கண்ணை மறைப்பதில்லை. இன்று அந்நாட்டின் தேசிய நெடுஞ்சாலைகளில் ஏறத்தாழ 90 விழுக்காடு இவ்வகை மேற்பரப்பைக் கொண்டவை.

இதற்கும் குறைகள் உண்டு. துளைகளில் மண்ணும் தூசியும் அடைத்துக்கொள்ளும். கற்கள் விரைவில் பெயரும். பனிக்காலத்தில் அதிக உப்புத் தூவ வேண்டும். சாதாரணத் தார்ச்சாலையைவிட இதன் ஆயுளும் குறைவு.

ஆனால் நெதர்லாந்து மக்கள் ஒருபடி மேலே சென்றனர். 2012ஆம் ஆண்டு ஜூலை முதல், தேசிய நெடுஞ்சாலைகளின் இருமருங்கிலும் ஏறத்தாழ 60,000 புள்ளிகளைக் குறித்து, ஒவ்வொரு புள்ளியிலும் இவ்வளவுக்கு மேல் சத்தம் செல்லக்கூடாது என்று சட்டத்தால் வரம்பிட்டனர். சாலையைப் பராமரிக்கும் அரசுத் துறை, அவ்வரம்பு காக்கப்பட்டதா என்று ஆண்டுதோறும் கணக்கிட்டு அறிக்கை தர வேண்டும். வாகனங்கள் பெருகினாலும், மேற்பரப்பு தேய்ந்தாலும், வரம்பைக் காக்கும் கடமை அத்துறையைச் சார்ந்தது. எந்தத் தாரைப் போடுவது, எப்போது மாற்றுவது, எங்கே சுவர் எழுப்புவது என்பதெல்லாம் அதன்பின் அவர்கள் முடிவு செய்ய வேண்டியவை. வீட்டில் உறங்குவோருக்கு வாக்களிக்கப்பட்டது குறிப்பிட்டதொரு தார்ச்சாலை அன்று, குறிப்பிட்டதோர் அமைதி.

இது வசதியைப் பற்றிய பேச்சு மட்டுமா?

இரைச்சலுக்கு இவ்வளவு பாடுபட வேண்டுமா, பழகிவிட்டால் போகாதா என்று சிலர் கேட்கலாம். மனம் பழகிவிடுவதாகத் தோன்றும். உடல் அவ்வளவு எளிதில் பழகுவதில்லை. நாம் விழித்துக்கொள்ளாவிட்டாலும், இரவில் கேட்கும் சத்தத்திற்கு நம் இதயத் துடிப்பும் இரத்த அழுத்தமும் எதிர்வினை காட்டுகின்றன. நெடுங்காலச் சாலை இரைச்சலுக்கும் இதய நோய்க்கும் தொடர்புண்டு என்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. மேற்கு ஐரோப்பாவில் மட்டும் போக்குவரத்து இரைச்சலால் ஆண்டுதோறும் குறைந்தது 10 இலட்சம் ஆரோக்கியமான வாழ்நாள் ஆண்டுகள் இழக்கப்படுவதாக உலகச் சுகாதார நிறுவனம் 2011இல் மதிப்பிட்டது. அதே நிறுவனம் 2018இல், ஐரோப்பிய நாடுகளுக்கான தன் வழிகாட்டுதலில், இரவு நேரச் சாலை இரைச்சல் 45 டெசிபலுக்குக் கீழ் இருக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. நம் இந்தியாவிலும் 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள், குடியிருப்புப் பகுதிகளுக்குப் பகலில் 55, இரவில் 45 டெசிபல் என்றே வரம்பு வகுத்துள்ளன.

நம் நாட்டிலும் ரப்பர்த் தூள் கலந்த தார் சாலைப் பணிகளில் பயன்படுத்தப்படுகிறது. சாலை நீண்ட நாள் உழைக்க வேண்டும் என்பதே இங்கு அதன் முதன்மையான நோக்கம். நம் சாலைகளில் ஹாரன் என்னும் தனித் தொல்லையும் சேர்ந்துகொள்கிறது. எவ்வளவு நல்ல தாரை விரித்தாலும் ஹாரனை அது அடக்காது. அதை அடக்க வேண்டியது ஓட்டுநரின் கைதான். அந்தக் கை நம் வீட்டுப் பிள்ளையின் கையாகவும் இருக்கலாம் என்பதை நினைவிற் கொள்ளுங்கள்.

வாசகர்களே! நம் ஊர் வழியே செல்லும் சாலை அகலப்படுத்தப்படும்போது, எவ்வளவு நிலம் போகும், எவ்வளவு இழப்பீடு வரும் என்று கேட்கிறோம். கேட்க வேண்டியவைதாம். அவற்றுடன் இன்னும் மூன்று கேள்விகளையும் சேர்த்துக்கொள்வோம். இந்தச் சாலையின் மேற்பரப்பு எவ்வகையைச் சார்ந்தது? இரவில் எங்கள் வீடுகளுக்கு எவ்வளவு சத்தம் வரும்? பத்தாண்டு கழித்து அதை அளந்து பார்க்கப்போவது யார்?

பீனிக்ஸ் மக்கள் முதலில் கேட்டார்கள், பெற்றார்கள். நெதர்லாந்து மக்களோ, பெற்றதை இழந்துவிடாதிருக்க ஆண்டுதோறும் கணக்குக் கேட்கிறார்கள். நாம் இன்னும் கேட்கவே தொடங்கவில்லை. தொட்டிலில் உறங்கும் குழந்தைக்கும், நோயுற்றுப் படுத்திருக்கும் முதியவருக்கும் தமக்காகக் கேட்க இயலாது. அவர்களுக்காக நாம்தான் கேட்க வேண்டும்.