கொறங்காடு இருந்தால்தான் காங்கயம் மாடு
(வானொலிப் பண்ணை உரையிலிருந்து)



சந்தையிலே மாடு வாங்குகிறபோது நாம் என்னவெல்லாம் பார்க்கிறோம்? கொம்பு பார்க்கிறோம், திமில் பார்க்கிறோம், சுழி பார்க்கிறோம், வாயைத் திறந்து பல்லைப் பார்க்கிறோம். அந்த மாடு மேயப் போகிற காட்டைப் பார்க்கிறோமா? அநேகமாக இல்லை. ஆனால் மாட்டின் உடம்பு உருவாவது அந்தக் காட்டிலேதான். ஆகவே இன்றைக்கு மேய்ச்சல் காட்டைப் பேணுவது எப்படி, அதிலே காங்கயம் மாட்டை இனம் கெடாமல் பெருக்குவது எப்படி என்பதைப் பற்றிச் சில விஷயங்கள் சொல்கிறேன்.

கொறங்காடு என்றால் என்ன?

காங்கயம், வெள்ளகோவில், மூலனூர், தாராபுரம், கரூர்ப் பக்கத்து நேயர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். அந்தப் பக்கம் வருஷத்துக்குக் கிடைக்கிற மழை சுமார் 600 முதல் 650 மில்லிமீட்டர்தான். அதிலும் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையிலே பெய்து முடிந்துவிடும். மண்ணோ சரளை மண். இந்த மண்ணிலே வெள்ளாமையை நம்புவதைவிட மாட்டை நம்புவது மேல் என்று பெரியவர்கள் கண்டுகொண்டார்கள். நிலத்தைச் சில ஏக்கர் அளவுள்ள தனித்தனிக் காடுகளாகப் பிரித்து, சுற்றிலும் முள்கிளுவையை உயிர்வேலியாக வைத்தார்கள். உள்ளே கொழுக்கட்டைப்புல். அதற்கு மேலே அங்கங்கே வெள்வேல மரம். இதுதான் கொறங்காடு.

இந்த மூன்றுக்கும் வேலை உண்டு பாருங்க. கிளுவை வேலி இருப்பதால் மாடு மேய்க்க ஆள் வேண்டாம். படலைச் சாத்திவிட்டு வேறு வேலைக்குப் போகலாம். வெள்வேலின் நிழல் அடர்த்தி இல்லாததால் அதன் அடியிலும் புல் வளரும். கோடையிலே புல் காய்ந்து கிடக்கிற நேரத்தில் அதன் நெத்து உதிர்ந்து ஆடு மாடுகளுக்குப் புரதம் தரும். கொழுக்கட்டைப்புல் எத்தனை வறட்சி வந்தாலும் வேரிலே உயிரை வைத்துக்கொண்டு, ஒரு மழைக்குத் துளிர்த்துவிடும்.

இந்தக் காட்டிலே உருவானதுதான் காங்கயம் இனம். அதைப் பேர் சொல்லும்படி வளர்த்தெடுத்ததில் பழையகோட்டைப் பட்டக்காரர் குடும்பத்துக்குப் பெரும் பங்கு உண்டு. அந்தக் காலத்தில் கவலை இறைக்கவும், ஏர் ஓட்டவும், பார வண்டி இழுக்கவும் இந்த மாடுகள்தான். மோட்டார் வந்தது, கவலை போச்சு. டிராக்டர் வந்தது, ஏர் போச்சு. மாட்டுக்கு வேலை குறைந்ததும் காட்டுக்கு மதிப்புக் குறைந்தது. பல காடுகள் மனையாகிவிட்டன. சில உழவு நிலமாகிவிட்டன. மிஞ்சி இருக்கிற காட்டிலும் புல் மெலிந்து வருகிறது. அதைத்தான் முதலில் கவனிக்க வேண்டும்.

காட்டில் எத்தனை மாடு மேயலாம்?

“ரெண்டு மாடு மேய்ஞ்ச காட்டிலே நாலு மாடு மேய்ஞ்சா என்னங்க?” என்று கேட்பீர்கள். புல்லுக்கு இலைதான் சமையல்கட்டு. இலையில் பாதிக்கு மேல் மாடு கடித்துவிட்டால், வேர் வளர்வது நின்றுபோகிறது. வேர் குட்டையானால் அடுத்த வறட்சியில் தூர் பட்டுப்போகும். அந்த இடத்தில் ஆவாரை, எருக்கு, கொழுஞ்சி, பார்த்தீனியம் என்று மாடு சீந்தாத செடிகள் குடியேறும். சீமைக்கருவேலின் நெத்தைத் தின்ற ஆடு மாடுகள் அதன் விதையைச் சாணத்திலும் புழுக்கையிலும் கொண்டுவந்து போடும். உங்கள் காட்டிலே இவை பெருகி வருகிறது என்றால், மாடு அதிகமாகிவிட்டது என்று காடே சொல்வதாக அர்த்தம்.

எத்தனை மாடு என்பதைக் கணக்குப் போட்டே கண்டுபிடிக்கலாம். மழை முடிந்து புல் கதிர் வாங்கி நிற்கும் சமயம், மாடு புகாத காட்டில், ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் சதுரமாக நாலு குச்சி நடுங்கள். அதற்குள் உள்ள புல்லை அறுத்துக் காயவைத்து எடை போடுங்கள். நாலைந்து இடத்தில் இப்படிச் செய்து சராசரி பாருங்கள். ஒரு பேச்சுக்கு 250 கிராம் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு ஏக்கர் என்பது சுமார் 4,000 சதுர மீட்டர். ஆக ஏக்கருக்கு 1,000 கிலோ காய்ந்த புல். இதில் பாதி காட்டுக்கு, பாதி மாட்டுக்கு. மாட்டின் பங்கு 500 கிலோ.

300 கிலோ எடையுள்ள பசு நாளைக்குச் சுமார் 7 கிலோ காய்ந்த தீனி தின்னும். அப்படியானால் ஒரு ஏக்கர் ஒரு பசுவுக்குச் சுமார் 70 நாள் தாங்கும். அஞ்சு ஏக்கர் இருந்தால் ஒரு பசுவுக்கு ஒரு வருஷம். ஆறேழு செம்மறியை ஒரு பசுவுக்குச் சமமாக வைத்துக்கொள்ளலாம். நல்ல மழை வருஷத்தில் இந்தக் கணக்குக் கூடும், வறட்சியில் குறையும். அதனால் வருஷா வருஷம் அளக்க வேண்டும். புல் குறைவு என்று தெரிந்தால் மாசியிலேயே ஒன்றிரண்டை விற்றுவிடுங்கள். சித்திரையிலே எலும்பும் தோலுமாக ஓட்டிப் போனால் வியாபாரி சொன்னதுதான் விலை.

மாற்றி மாற்றி மேய்ப்பது

மழை பெய்து பச்சை கண்டதும் மாட்டை உள்ளே விடக் கூடாது. அந்தத் துளிர், வேரிலே சேர்த்து வைத்த சத்தைச் செலவழித்து வந்தது. புல் ஒரு முழம் வளர்ந்த பிறகு மாட்டை விடுங்கள். ஒரு சாணுக்கு வந்ததும் அடுத்த காட்டுக்கு மாற்றிவிடுங்கள். பெரிய காடு ஒன்றே இருந்தால் கிளுவைப் போத்து நட்டு நாலாகப் பிரித்துக்கொள்ளலாம். வருஷத்துக்கு ஒரு காட்டை, விதை முற்றிக் கீழே உதிரும் வரை சாத்தி வைக்க வேண்டும். இதற்குப் பணச் செலவு கிடையாது, பொறுமைதான் செலவு.

புல் ரொம்பவும் மெலிந்த காட்டிலே சோளமோ கொள்ளோ ஒரு போகம் போட்டு, பிறகு புல்லுக்கு விடுவது பழைய வழக்கம். அதைத் தொடரலாம். இளஞ்சோளத்திலும் வாடிய சோளத்திலும் நச்சு உண்டு. அதிலே மட்டும் மாட்டை விட்டுவிடாதீர்கள். கொழுக்கட்டைப்புல் விதை ஏக்கருக்கு இரண்டரை முதல் மூன்று கிலோ போதும். புது விதை உடனே முளைக்காது. ஆறு மாதமாவது வைத்திருந்து விதைக்க வேண்டும். விதை பஞ்சு போலப் பறக்கும் என்பதால் ஈர மணலில் கலந்து தூவுங்கள். கூடவே முயல்மசால் விதைத்தால் மண்ணுக்குத் தழைச்சத்தும் மாட்டுக்குப் புரதமும் கிடைக்கும்.

பொலிகாளையும் பசுவும்

காடு சரியானால் அடுத்தது இனம். எந்தப் பசுவின் கன்றை வைத்துக்கொள்வது? கோடையிலும் உடம்பு விடாமல் நிற்கிறது, பதினாலு பதினைந்து மாதத்துக்கு ஒரு கன்று தவறாமல் போடுகிறது, கன்றுக்குப் போதுமான பால் வைத்திருக்கிறது – இந்த மூன்றும் உள்ள பசுவின் கிடாரியை விற்காதீர்கள். அழகாக இருந்தும் இரண்டு வருஷமாகச் சினை நிற்காத பசு, மற்ற மாட்டின் புல்லைத் தின்கிறது என்றுதான் அர்த்தம்.

காளையைத் தேர்ந்தெடுக்கும்போது திமிலைப் பார்க்கிறதோடு அதன் தாயையும் போய்ப் பாருங்கள். கால், குளம்பு திடமாக இருக்கிறதா என்று பாருங்கள். காங்கயம் கன்று பிறக்கும்போது செவலையாக இருந்து ஆறு மாத அளவில் நிறம் மாறும். சின்னக் கன்றின் நிறத்தை வைத்து எதையும் முடிவு செய்ய வேண்டாம். ஒரே காளையை மூன்று வருஷத்துக்கு மேல் ஒரே மந்தையில் வைத்தால், அது தன் மகளையே சேர வேண்டி வரும். கன்று மெலியும், சினை தங்காது. பக்கத்துத் தோட்டத்துக்காரரோடு காளையை மாற்றிக்கொள்வது சுலபமான வழி. வேண்டாத காளைக் கன்றுகளைக் காயடித்துவிடுங்கள், அல்லது தனியே கட்டுங்கள்.

காளை இல்லாதவர்கள் கால்நடை மருந்தகத்தில் காங்கயம் சினை ஊசிதான் வேண்டும் என்று கேட்டுப் போடுங்கள். நாட்டு மாடு பருவத்துக்கு வந்தால் அதிகம் கத்தாது. 21 நாள் கணக்கைக் குறித்து வைத்துக்கொண்டு, கண்ணாடி போன்ற வழும்பு ஒழுகுகிறதா என்று கவனிக்க வேண்டும். காலையில் கண்டால் மாலையிலும், மாலையில் கண்டால் மறுநாள் காலையிலும் ஊசி போடுவது நல்லது. சினைப் பசுவுக்கும் கறவைப் பசுவுக்கும் தினம் 30 முதல் 50 கிராம் தாது உப்பு கொடுங்கள். சரளைக் காட்டுப் புல்லில் அந்தச் சத்து குறைவு.

“ரெண்டு மூணு லிட்டர் பாலுக்கு இத்தனை பாடா?” என்று சிலர் கேட்கலாம். தண்ணீரும் பசுந்தீவனமும் உள்ளவர்கள் கலப்பின மாடு வளர்க்கட்டும், அதில் தப்பில்லை. ஆனால் கிணறு வற்றிய சரளைக் காட்டில், வெயிலில் நின்று, காய்ந்த புல்லைத் தின்று கன்று போடக்கூடிய மாடு இதுதான். இதிலே வருமானம் முக்கியமாகக் கன்றில்தான். நல்ல தாய்க்குப் பிறந்த கன்றுக்குக் கண்ணபுரம் சந்தையிலே ஆள் தேடி வருவார்கள்.

விற்ற மாட்டுக்குப் பதில் வேறு மாடு வாங்கிவிடலாம். கிளுவை அடர்ந்து வேலியாவதற்கும், வெள்வேல் நெத்துப் போடுவதற்கும் வருஷங்கள் ஆகும். மனையாகிப்போன காடு திரும்பி வரவே வராது. ஆகவே இந்த மழைக்குப் பிறகு நாலு குச்சியை நட்டு உங்கள் காட்டை அளந்து பாருங்கள். அதற்குத் தக்கபடி மாட்டைக் கட்டுங்கள்.