தெருவிலிருந்து ஜெனிவா வரை

சுவிட்சர்லாந்து நாட்டின் ஜெனிவா நகரில் ஆண்டுதோறும் மே மாதத்தில் உலகச் சுகாதாரப் பேரவை கூடுகிறது. உலக நாடுகளின் பேராளர்கள் அங்கு அமர்ந்து நோய்களைப் பற்றி ஆராய்கின்றனர், தீர்மானங்களை நிறைவேற்றுகின்றனர். பீகார் மாநிலத்தில் கோசி ஆற்றின் வெள்ளச் சமவெளியில் ஒரு குடிசை இருப்பதாகக் கொள்வோம். அக்குடிசையில் பிறந்த குழந்தைக்குப் பேரவையின் தீர்மானம் எவ்வாறு சென்று சேரும்? அக்குழந்தைக்கு நோய் கண்டால், அச்செய்தி பேரவைக்கு எவ்வாறு எட்டும்? இவ்விரண்டு வினாக்களுக்கும் விடை தேடினால், இடையில் நிற்கும் மண்டல அலுவலகத்தின் பணி விளங்கும்.

மண்டலம் என்னும் ஏற்பாடு

உலகச் சுகாதார நிறுவனத்தின் அமைப்புச் சட்டம் 1948ஆம் ஆண்டு ஏப்ரல் 7ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. அந்நாளே இன்று உலகச் சுகாதார நாளாகக் கொண்டாடப்படுகிறது. எல்லா நாடுகளின் நோய்களையும் ஜெனிவாவில் இருந்துகொண்டே கவனிக்க இயலாது என்பதை நிறுவனத்தைத் தோற்றுவித்தோர் அறிந்திருந்தனர். பனி மூடிய நாட்டின் நோய் வேறு. பருவமழை பொழியும் நாட்டின் நோய் வேறு. எனவே உலகம் ஆறு மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டது. பிரசாவில், வாஷிங்டன், கெய்ரோ, கோபன்ஹேகன், மணிலா, புதுடெல்லி ஆகிய ஆறு நகரங்களில் மண்டல அலுவலகங்கள் அமைந்தன.

இந்த ஆறனுள் முதலில் தோன்றியது புதுடெல்லியில் அமைந்த தென்கிழக்கு ஆசிய மண்டல அலுவலகமே ஆகும். இந்தியா விடுதலை பெற்று ஓராண்டு கடந்திருந்த 1948 அக்டோபரில், அம்மண்டலக் குழுவின் முதற்கூட்டம் டெல்லியில் நடைபெற்றது. மருத்துவர் சந்திர மணி அதன் முதல் இயக்குநராகப் பொறுப்பேற்று, 1968 வரை பணியாற்றினார். இந்தியாவின் முதல் சுகாதார அமைச்சர் ராஜ்குமாரி அம்ரித் கௌர், 1950இல் உலகச் சுகாதாரப் பேரவைக்கே தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். இந்தியா, இலங்கை, நேபாளம், வங்கதேசம், பூட்டான், மாலத்தீவு, மியான்மர், தாய்லாந்து முதலிய நாடுகள் இம்மண்டலத்தைச் சேர்ந்தவை.

கட்டளையிடும் அதிகாரம் இல்லை

மண்டல அலுவலகம் ஓர் அரசு அன்று. அது வரி விதிப்பதில்லை, சட்டம் இயற்றுவதில்லை, எந்த நாட்டுக்கும் கட்டளையிடுவதில்லை. உறுப்பு நாடுகளின் பேராளர்கள் ஆண்டுக்கு ஒருமுறை மண்டலக் குழுவாகக் கூடித் தம் தேவைகளை எடுத்துரைக்கின்றனர். அலுவலகம் அத்தேவைகளை ஜெனிவாவுக்குக் கொண்டு செல்கிறது. ஜெனிவாவின் முடிவுகளை அந்தந்த நாட்டின் நிலைமைக்கேற்பச் செயல்திட்டங்களாக மாற்ற உதவுகிறது. வல்லுநர்களை அனுப்புகிறது, ஆய்வகங்களின் தரத்தைச் சோதிக்கிறது, ஒரு நாட்டில் பெற்ற பட்டறிவை மற்றொரு நாட்டுக்கு எடுத்துச் சொல்கிறது. ஒவ்வொரு நாட்டிலும் நாட்டு அலுவலகம் ஒன்று இருந்து, அந்நாட்டு அரசுடன் சேர்ந்து பணியாற்றுகிறது. செயல்படும் அதிகாரம் அரசிடமே உள்ளது.

அதிகாரம் இல்லாத ஓர் அலுவலகம் என்ன சாதிக்க முடியும் என்ற ஐயம் எழுவது இயல்பு. இளம்பிள்ளைவாதம் எனப்படும் போலியோ நோயை இந்தியா வென்ற வரலாறு அவ்வையத்தைத் தீர்க்கும்.

கால்களை முடக்கிய நோய்

போலியோ ஒரு நச்சுயிரியால் வரும் நோய். அது அசுத்தமான நீர், உணவு ஆகியவற்றின் வழியாக வாய்க்குள் புகுந்து குடலில் பெருகுகிறது. சிலருக்கு நரம்புகளைத் தாக்குகிறது. தாக்குண்ட குழந்தையின் கை கால்கள் சில நாள்களிலேயே தளர்ந்துவிடும். இதைக் குணப்படுத்தும் மருந்து இல்லை. தடுக்கும் மருந்து மட்டுமே உண்டு. தொற்றுக்கு ஆளாகும் ஏறத்தாழ இருநூறு பேரில் ஒருவருக்கே வாதம் ஏற்படுகிறது. ஏனையோர் நோயின் அடையாளம் ஏதுமின்றி நச்சுயிரியைப் பரப்புகின்றனர். ஆகவே ஒரு குழந்தையின் கால் முடங்கினால், கண்ணுக்குத் தெரியாமல் நூற்றுக்கணக்கானோரிடம் நோய் பரவிவிட்டது என்று பொருள்.

1988ஆம் ஆண்டு உலகச் சுகாதாரப் பேரவை போலியோவை உலகிலிருந்தே ஒழிப்பது என்று தீர்மானித்தது. அப்பொழுது ஆண்டுதோறும் 3,50,000 குழந்தைகள் இந்நோயால் முடங்கிக்கொண்டிருந்தனர். ஒரு பகுதியின் குழந்தைகள் அனைவருக்கும் ஒரே நேரத்தில் மருந்து கொடுத்தால் நச்சுயிரிக்குப் புகலிடம் இராது. இம்முறையை வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் நச்சுயிரியல் அறிஞர் டி. ஜேக்கப் ஜான் 1980களிலேயே வேலூரில் செயற்படுத்திக் காட்டியிருந்தார். 1994 அக்டோபர் 2ஆம் நாள் டெல்லியிலும், 1995 முதல் நாடு முழுவதும் சொட்டு மருந்து முகாம்கள் நடைபெற்றன. பிற்காலத்தில் ஒரு தேசிய முகாமில் ஏறத்தாழ 17 கோடிக் குழந்தைகள் மருந்து பெற்றனர்.

கீழிருந்து மேலே சென்ற செய்தி

மருந்து மேலிருந்து கீழே வந்தது. செய்தி கீழிருந்து மேலே செல்ல வேண்டும் அல்லவா? அதற்காக 1997இல் இந்திய அரசும் உலகச் சுகாதார நிறுவனமும் இணைந்து தேசியப் போலியோ கண்காணிப்புத் திட்டத்தைத் தொடங்கின. கண்காணிப்பு மருத்துவ அலுவலர்கள் மாவட்டங்களில் அமர்த்தப்பட்டனர்.

பதினைந்து வயதுக்கு உட்பட்ட எக்குழந்தைக்கேனும் கையோ காலோ திடீரெனத் தளர்ந்தால், உடனே அவர்களுக்குச் செய்தி வர வேண்டும். பெரிய மருத்துவமனைகள் மட்டுமே செய்தி தருபவை என்று அவர்கள் எண்ணவில்லை. ஏழைக் குடும்பத்தார் முதலில் நாடிச் செல்வது சிற்றூர் வைத்தியரையோ எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடுபவரையோ ஆகும். எனவே அவர்களும் இவ்வலையில் சேர்க்கப்பட்டனர். நோயாளி எவரும் வராத வாரத்திலும், மருத்துவமனைகள் 'எவரும் இல்லை' என்று எழுதி அனுப்ப வேண்டும். அவ்வாறு எழுதாவிடின், நோய் இல்லையா, பார்ப்பவர் இல்லையா என்பது தெரியாமற் போகும்.

கால் தளர்ந்த குழந்தையின் மலம், இருபத்துநான்கு மணிநேர இடைவெளியில், இருமுறை சேகரிக்கப்படும். அது பனிக்கட்டியிட்ட பெட்டியில் ஆய்வகத்துக்கு அனுப்பப்படும். சென்னை கிண்டியில் உள்ள கிங் ஆய்வு நிலையம் இவ்வாய்வகங்களுள் ஒன்று. மும்பையில் உள்ள ஆய்வகம் நச்சுயிரியின் மரபணுவைப் படித்து, அது எப்பகுதியிலிருந்து வந்தது என்பதையும் கண்டறிந்தது. ஆய்வு முடிவு மாவட்டத்துக்கும், டெல்லிக்கும், அங்கிருந்து ஜெனிவாவுக்கும் சென்றது. ஒரு சிற்றூர்க் குழந்தையின் கால் தளர்ந்தால், சில வாரங்களில் அது உலகக் கணக்கில் ஓர் எண்ணாகப் பதிவாயிற்று. அவ்வெண்ணைக் கண்டு அடுத்த முகாம் எங்கே நடைபெற வேண்டும் என்பது முடிவாயிற்று.

கதவைத் திறக்காத வீடுகள்

கணக்கு மட்டும் நோயை ஒழித்துவிடவில்லை. 2002ஆம் ஆண்டு இந்தியாவில் 1,600 குழந்தைகள் போலியோவால் தாக்கப்பட்டனர். அவர்களுள் பெரும்பாலோர் உத்தரப் பிரதேசத்தைச் சேர்ந்தவர்கள். அம்மாநிலத்தின் மேற்குப் பகுதியில் பல வீடுகள் மருந்து கொடுக்க வந்தவர்களுக்குக் கதவைத் திறக்கவில்லை. மருந்து உண்ட பிள்ளைகளுக்குப் பிற்காலத்தில் பிள்ளைப்பேறு இராது என்ற வதந்தி பரவியிருந்தது. வேறொரு வருத்தமும் மக்களிடம் இருந்தது. 'எங்கள் தெருவில் சாக்கடை தேங்கி நிற்கிறது. காய்ச்சலுக்கு மருந்து இல்லை. அதற்கெல்லாம் வராதவர்கள் இந்த இரண்டு சொட்டு மருந்துக்கு மட்டும் மீண்டும் மீண்டும் வருவது ஏன்?' என்பதே அவ்வருத்தம்.

இவ்வினா நியாயமானது. இதற்குச் சுவரொட்டிகளால் விடை கூற முடியாது. யுனிசெஃப் நிறுவனத்தின் துணையோடு அந்தந்தத் தெருவைச் சேர்ந்த பெண்களே வீடு வீடாகச் சென்று பேசும் பணிக்கு அமர்த்தப்பட்டனர். அயலார் பேச்சுக்குத் திறவாத கதவு, அண்டை வீட்டுப் பெண்ணின் குரலுக்குத் திறந்தது. அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகம், ஜாமியா மில்லியா இஸ்லாமியா ஆகிய கல்வி நிறுவனங்கள் துணை நின்றன. முகாம் நாளைப் பள்ளிவாசல்கள் ஒலிபெருக்கியில் அறிவித்தன. மக்களின் குறைகளும் செயல்திட்டத்தில் இடம்பெற்றன. உத்தரப் பிரதேசம், பீகார் ஆகிய மாநிலங்களில் நோய் நீங்காதிருந்த 107 வட்டாரங்கள் தெரிந்தெடுக்கப்பட்டன. அங்கே சொட்டு மருந்தோடு தூய்மை, குடிநீர், வயிற்றுப்போக்குத் தடுப்பு ஆகியவற்றுக்கும் வழி செய்யப்பட்டது. தெருவில் எழுந்த முறையீடு திட்டத்தையே திருத்தியது.

பட்டியலில் இல்லாத குழந்தைகள்

மற்றொரு குறையும் வெளிப்பட்டது. முகாம் நாளில் வீட்டுச் சுவர்களில் குறியிட்டுச் செல்வது வழக்கம். குழந்தைகள் அனைவரும் மருந்து பெற்ற வீட்டுக்கு ஒரு குறி. விடுபட்ட வீட்டுக்கு வேறொரு குறி. ஆனால் சுவரே இல்லாத குடும்பங்களை என் செய்வது? பிழைப்புத் தேடி ஊர்விட்டு ஊர் சென்றவர்கள் செங்கற் சூளைகளிலும், கட்டடம் எழும் இடங்களிலும், சாலையோரக் கொட்டகைகளிலும் தங்கியிருந்தனர். பிறந்த ஊரின் பட்டியலில் அவர்கள் பெயர் இருந்தது, ஆள் இல்லை. வந்த ஊரில் ஆள் இருந்தனர், பெயர் இல்லை. இவ்விரு பட்டியல்களுக்கும் நடுவே குழந்தைகள் தவறிப் போயினர். நச்சுயிரியோ அவர்களோடு மாநில எல்லைகளைக் கடந்து சென்றது.

இதை உணர்ந்தபின், இடம்பெயர்ந்தோர் தங்கும் இடங்கள் தனியே கணக்கெடுக்கப்பட்டன. தொடர்வண்டி நிலையங்களிலும் பேருந்து நிலையங்களிலும் பணியாளர்கள் நின்று, பயணம் செய்யும் குழந்தைகளுக்கு மருந்து கொடுத்து, இடக்கைச் சுண்டுவிரலில் மை வைத்தனர். கோசிச் சமவெளியில் பணியாளர்கள் படகேறிச் சென்றனர். படகு செல்லாத இடங்களுக்குச் சேற்றில் நடந்து சென்றனர். வந்தவர் எம்மொழி பேசுகிறார், எவ்வூரினர் என்று பாராமல், 'இங்கே ஒரு குழந்தை இருக்கிறது' என்று பதிவு செய்ததே இப்பணியின் திருப்பமாக அமைந்தது.

ஒன்றும் சுழியும்

2009ஆம் ஆண்டு இந்தியாவில் 741 குழந்தைகளுக்குப் போலியோ கண்டது. உலகில் அவ்வாண்டு பதிவான எண்ணிக்கையில் இது ஏறத்தாழப் பாதி. 2010இல் அது 42 ஆகக் குறைந்தது. 2011இல் ஒன்றே ஒன்று. மேற்கு வங்காளத்தின் ஹவுரா மாவட்டத்தில் அவ்வாண்டு ஜனவரி 13ஆம் நாள் வாதம் கண்ட சிறுமியே இந்நாட்டில் இயற்கைப் போலியோ நச்சுயிரியால் தாக்கப்பட்ட இறுதி நோயாளி. அதன்பின் வந்தது சுழியம்.

ஆயினும் ஒரு நாடு தானே தன்னைப் போலியோ அற்றது என்று அறிவித்துக்கொள்ள இயலாது. சான்றிதழ் ஒரு மண்டலம் முழுமைக்கும் ஒருசேர வழங்கப்படுகிறது. மூன்றாண்டுகள் கண்காணிப்பு குறைவின்றி நடைபெற்று, எந்நாட்டிலும் நோய் இல்லை என்பது உறுதியாக வேண்டும். இலங்கையில் போலியோ 1993இலேயே நின்றுவிட்டது. எனினும் அண்டை நாடாகிய இந்தியாவில் நோய் இருந்தவரை, இலங்கையும் சான்றிதழுக்குக் காத்திருந்தது. 2014 மார்ச் 27ஆம் நாள் டெல்லியில் தென்கிழக்கு ஆசிய மண்டலம் போலியோ அற்றது எனச் சான்றளிக்கப்பட்டது. அயலகத்தில் நோய் இருக்கும்வரை எவரும் காப்பற்றவரே என்பதனால்தான் இவ்விதி வகுக்கப்பட்டுள்ளது.

பணி அத்துடன் முடிந்துவிடவில்லை. பாகிஸ்தானிலும் ஆப்கானிஸ்தானிலும் போலியோ இன்னும் ஒழியவில்லை. எனவே இந்திய நகரங்களின் கழிவுநீர் இன்றும் சோதிக்கப்படுகிறது. கால் தளர்ந்த குழந்தையைப் பற்றிய செய்தி இன்றும் மாவட்டத்திலிருந்து மேலே செல்கிறது. போலியோவுக்காகப் பின்னப்பட்ட அவ்வலை தட்டம்மை முதலிய வேறு நோய்களைக் கண்காணிக்கவும் பயன்படுகிறது.

தீர்மானம் ஜெனிவாவில் பிறந்தது. அதைச் செயலாக்கிய அதிகாரம் அரசுகளுடையது. கதவைத் திறந்தவை தெருவில் வாழ்ந்தோரின் கைகள். இம்மூன்றனுக்கும் இடையே செய்தி அறுந்து போகாமல் காத்தவர்கள் அலுவலகங்களில் இருந்தோரும் ஊர்தோறும் நடந்தோருமே ஆவர். அவர்கள் காத்த செய்தியின் பயனாக, இந்நாட்டில் ஒரு தலைமுறைக் குழந்தைகள் இன்று தம் கால்களால் ஓடி விளையாடுகின்றனர்.

பயிற்சிகள்

1. மண்டல அலுவலகம் ஏன் 'ஓர் அரசு அன்று' என்று கூறப்படுகிறது? இரண்டு காரணங்கள் எழுதுக.

2. நோயாளி எவரும் வராத வாரத்திலும் 'எவரும் இல்லை' என்று எழுதி அனுப்ப வேண்டியதன் தேவை யாது?

3. உத்தரப் பிரதேச மக்கள் எழுப்பிய வினா திட்டத்தை எவ்வாறு திருத்தியது?

4. 'பிறந்த ஊரின் பட்டியலில் பெயர் இருந்தது, ஆள் இல்லை.' இத்தொடரை விளக்குக. வேறு ஊருக்குக் குடிபெயர்ந்த ஒரு குடும்பம் பள்ளி, மருத்துவமனை, நியாயவிலைக் கடை ஆகியவற்றில் தன் பெயரைப் பதிவு செய்த வரலாற்றை உன் வீட்டுப் பெரியோரிடம் கேட்டுப் பத்து வரிகளில் எழுதுக.

5. பிரித்து எழுதுக: அவ்வையம், நச்சுயிரி, எக்குழந்தை, இவ்வலை.